உள்ளிருப்பவள்

மேசை நிலைக்கதவில் சிக்கிக்கொண்டது. கூடத்தில் அண்ணனைக் கிடத்த இடம் வேண்டும், அவன் எழுதுகிற மேசையைப் பின்னறைக்குள் தள்ளிவிடலாம் என்று யாரோ சொல்லப்போக, இப்போது அது உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றது. தங்கை அதன் அடியில் தவழ்ந்து மின்கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கம்பியின் கழுத்திலும் அண்ணன் காகிதத் துண்டை ஒட்டிப் பெயர் எழுதியிருந்தான். பெரிய திரை. சின்னத் திரை. ஒலிவாங்கி. இணையம். பெயரில்லாத பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள அவனால் முடியாது.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்கப்பா," என்றார் மறுமுனையில் பெரியப்பா. "ராஜ்ஜியம் கட்டி ஆண்டவன் மேசை. கதவுக்கு அடங்குமா?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஒருவழியாக மேசை முனகிக்கொண்டே உள்ளே போனது. அது இருந்த இடத்தில் நாற்காலிச் சக்கரங்கள் ஆண்டுக்கணக்காகத் தேய்த்த இரண்டு கோடுகள் தரையில் தெரிந்தன. அவற்றின் மேல்தான் பாயை விரித்து அண்ணனைக் கிடத்தினார்கள்.

நேற்றுக் காலை முகம் கழுவப் போனவன், குழாயை மூடாமலே விழுந்துவிட்டான். இதயம் என்றார் மருத்துவர். தண்ணீர் கூடம் வரைக்கும் வந்த பிறகுதான் அண்ணி போய்ப் பார்த்தாள்.

ஏரிக்கு அடியில் ஒரு நாடு இருப்பதாக அவன் எழுதினான். நீரடி நாடு. அங்கே மனிதர்கள் விளக்கோடு நடப்பார்கள். விளக்கு அணைந்தவர்கள் மீனாகிவிடுவார்கள். முதல் புத்தகத்தைப் பத்துப் பேர் படித்தார்கள். மூன்றாவது புத்தகம் வந்த சமயத்தில் ஒரு சிறிய நிறுவனம் அதை வீடியோ கேமாக்க முன்வந்தது. ஒலிப்பொறியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த தங்கை அங்கேதான் சேர்ந்தாள். நடிகர்கள் பேசிய வசனங்களை வெட்டி, இரைச்சல் நீக்கி, உரிய வாயில் உட்கார வைப்பது அவள் வேலை. பிறகு படங்களைப் பார்த்தபடி உரையாடலைப் படித்து, அங்கங்கே எந்தப் பக்கம் போவது என்று நாமே தேர்ந்தெடுக்கும் விதமாக இன்னொரு விளையாட்டும் அதே நாட்டிலிருந்து வந்தது. புத்தகம், விளையாட்டு, படக்கதை மூன்றிலும் எந்தச் சந்தில் யார் நிற்பார்கள் என்று அண்ணனுக்கு அடுத்தபடி தங்கைக்குத்தான் தெரியும்.

அண்ணிக்கு எதுவும் தெரியாது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள் அவள். முதல் புத்தகத்தில் நாலு பக்கம் படித்துவிட்டு, "எனக்கு இந்த மந்திரம் தந்திரமெல்லாம் ஏறாதுங்க," என்று திருப்பிக் கொடுத்தாள். அண்ணன் அதை ஒரு நல்ல நகைச்சுவையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். "ஊர் கண்ணையெல்லாம் சரிபண்ற கண்ணாடிக்காரிக்கு என் எழுத்து மட்டும் மங்கலாத் தெரியுது."

பெரியப்பா தங்கையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிணத்தைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அவன் கதையில வர்ற தவளை மந்திரி நான்தானாமே? பேரன் சொன்னான்."

"யாரையும் நெனச்சு எழுதலைன்னுதான் சொல்வார், பெரியப்பா."

"அப்ப நான்தான்." துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். "மந்திரி கடைசியில சாகிறானா?"

"இல்ல. ராஜா போனப்புறமும் இருக்கார்."

பெரியப்பா தலையாட்டினார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கைப்பேசி மடியில் அதிர்ந்தது. அலுவலகத்தில் எல்லோரும் 'தலை' என்று கூப்பிடும் மேலாளர். அவள் எழுந்து பின்னறைக்குப் போனாள். மேசை அறையை அடைத்துக்கொண்டு நின்றதால் சுவரோடு ஒண்டித்தான் நிற்க முடிந்தது.

"மன்னிச்சுக்கம்மா. இன்னைக்குப் போய்க் கூப்பிடுறேன்."

"சொல்லுங்க, தலை."

"சாயங்காலம் விளையாட்டோட புதுப் பதிப்பு ஏறுது. குரல் பக்கம் உன் ஒப்புதல் இல்லாம நகராது. பாக்கி இருக்கிறது ஒண்ணே ஒண்ணு." தயங்கினார். "கோபுரக் கதவு."

அவள் கைப்பேசியை மறுகாதுக்கு மாற்றினாள்.

"நடிகர் புதுசாப் பேசிக் கொடுத்துட்டார். பழசை எடுத்துட்டு அதைப் போட்டாச்சு. யாரோ நீக்க மறந்த தற்காலிகக் குரல்னுதான் நெனச்சிருந்தேன்; அது உங்க அண்ணன் குரல்னு எனக்கு நேத்துதான் தெரியும், சத்தியமா. வேண்டாம்னா சொல்லு, நிறுத்திடலாம். ஆனா மேல இருக்கிறவங்க காரணம் கேப்பாங்க. செத்தவர் குரல்னா மட்டும் போதாது, உனக்கே தெரியும்."

"சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்."

விளையாட்டு உருவாகிறபோது நடிகர்கள் வருவதற்கு முன்னால் யாராவது ஒருவர் எல்லா வசனத்தையும் ஒப்புக்குப் பேசிப் பதிந்து வைப்பார்கள். தற்காலிகக் குரல். கூலி கொடுக்க வழியில்லாத அந்த நாட்களில் ராஜா, ராணி, தவளை, மீன் எல்லாவற்றுக்கும் அண்ணனே வீட்டில் உட்கார்ந்து பேசினான். அப்படிப்பட்ட ஒலிக்கோப்புகளின் பெயர் எல்லாம் 'தற்' என்று தொடங்க வேண்டும். வெளியீட்டுக்கு முந்தைய நாள் ஒரு சிறு நிரல் ஓடும். 'தற்' என்று தொடங்குகிற எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே எறியும். அண்ணனுடைய நூற்றுக்கணக்கான குரல்கள் அப்படித்தான் போயின. ஒன்று மட்டும் தப்பித்தது. அதன் பெயரில் 'தற்' இல்லை.

ஏரியின் ஆழத்தில் ஒரு விளக்குக் கோபுரம். அதற்கு ஒரு கதவு. விளையாடுகிறவன் தட்டினால் உள்ளிருந்து வாயில்காப்பவன் பேசுவான்: "இக்கதவு திறவாது. வந்த வழியே செல்க." எல்லோரும் திரும்பிப் போய்விடுவார்கள். போகாமல், ஒரு பொத்தானையும் தொடாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தால், கதவுக்குப் பின்னால் வெகுதொலைவில் ஏதோ உலோகம் உருளும். ஒரு பெண்ணின் குரல், சொற்கள் பிடிபடாதபடி. பிறகு வாயில்காப்பவன், முந்தைய கம்பீரம் ஒன்றும் இல்லாமல், வீட்டுக்குள் பேசுகிற குரலில் சொல்வான்: "இதோ வரேன்."

இதை முதலில் கண்டுபிடித்தவன் இணையத்தில் எழுதினான். பிறகு ஆயிரம் பேர் எழுதினார்கள். இலக்கணத் தமிழ் பேசுகிறவன் ஏன் திடீரென்று இறங்கிப் பேசுகிறான்? யாரிடம்? அவளுக்கு ஒரு பெயரும் வைத்தார்கள்: உள்ளிருப்பவள். வாயில்காப்பவன் கதவைக் காக்கவில்லை, அவளைக் காக்கிறான் என்றார்கள். இறந்த ராணி என்றார்கள், விளக்கே அவள்தான் என்றார்கள். நீக்க மறந்த தற்காலிகக் குரலுக்கு இத்தனை கதையா என்று அலுவலகத்தில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அண்ணன் சிரித்துவிட்டு, ஐந்தாவது புத்தகத்தில் அவளை எழுதினான். படக்கதையில் அவளுக்கென்று தனி வழியே இருந்தது: கதவுக்கு வெளியே உட்கார்ந்து நாள் முழுக்க அவளோடு பேசலாம், முகத்தை மட்டும் கடைசி வரை பார்க்க முடியாது. வாள், போர், ராஜ்ஜியம் எல்லாம் மறந்துபோன வாசகர்கள்கூட அவளை மறக்கவில்லை.

அது யார் குரல் என்று தங்கைக்கு முதல் நாளே தெரியும். அது சொல்ல வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அவள் கூடத்துக்குத் திரும்பியபோது வாசலில் சில இளைஞர்கள் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றிருந்தார்கள். சட்டையில் சின்ன விளக்குச் சின்னம் குத்தியிருந்தார்கள். வாசகர்கள். அவர்களில் ஒரு பெண் மட்டும் உள்ளே வந்து, அண்ணன் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அண்ணியின் முன்னால் குனிந்தாள்.

"அம்மா, எனக்கு ரொம்ப மோசமான ஒரு வருஷம் இருந்துச்சு. உள்ளிருப்பவளாலதான் தாண்டினேன்." சட்டையிலிருந்த விளக்குச் சின்னத்தைத் தொட்டுக்கொண்டாள். "அவங்க யாருன்னு அவர் சொல்லாமலே போயிட்டார்."

அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கடையில் கருவிக்குப் பின்னாலிருந்து பார்ப்பாளே, அந்தப் பார்வை. முகத்தை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும்.

"எனக்கும் சொல்லலைம்மா," என்றாள்.

தங்கை தண்ணீர்ச் செம்போடு நின்ற இடத்திலேயே நின்றாள். அண்ணி சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அதைச் சொல்லும்போது அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. காலையிலிருந்தே பார்க்கவில்லை என்பது இப்போதுதான் தங்கைக்கு உறைத்தது.

வெயில் உச்சிக்கு வருமுன் வண்டி வந்தது. எல்லாம் முடிந்து திரும்பியபோது கூடம் பெருக்கித் துடைக்கப்பட்டிருந்தது. வந்தவர்கள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். சமையலறையில் அண்ணி, கழுவிய தம்ளர்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள் திரும்பாமல். "பூசி மெழுகாம சொல்லணும்."

"கேளுங்க, அண்ணி."

"உள்ளிருப்பவள் யாரு?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அஞ்சாவது புத்தகம் வந்த அன்னைக்கு, நான் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். கொண்டுவந்து முதல் பக்கத்தைத் திறந்து காட்டினார். 'உள்ளிருப்பவளுக்கு'ன்னு போட்டிருந்துச்சு. அது மட்டும்தான். காட்டிட்டு என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னார். சிரிப்பு வேற. நான் என்ன சொல்லணும்? நல்லா இருக்குன்னேன். அவருக்கு ஒருமாதிரி ஆயிடுச்சு. புத்தகத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டார்."

"நீங்க கேக்கவே இல்லையா?"

"கேட்டு, அவர் சொல்லிட்டார்னா?" அண்ணி குழாயை மூடினாள். "கடைக்கு எத்தனையோ பொண்ணுங்க வருவாங்க. தாடையை அந்தக் கருவியில வைக்கச் சொல்லிட்டு இவ்வளவு கிட்டத்துல பார்ப்பேன். இவளா இருக்குமோ, அவளா இருக்குமோ. 'இப்பத் தெளிவாத் தெரியுதா'ன்னு அவங்களைக் கேப்பேன். எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது. ராத்திரி அவர் தட்டிக்கிட்டே இருப்பார், அந்த விசைப்பலகையை. அவகூடப் பேசுற மாதிரியே இருக்கும். இந்த வீட்டுல நாங்க ரெண்டு பேர் இருக்கலை, மூணு பேர் இருந்தோம்." தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "உங்க ஆபீஸ்ல யாராவதா? சொல்லிடு. அவரே போயிட்டார், இனிமே யார்கிட்ட சண்டை பிடிக்கப் போறேன். அவ இன்னைக்கு வந்திருந்தாளா, அது மட்டும் தெரியணும்."

தங்கை வாயைத் திறந்தாள். நீங்கதான் அண்ணி என்று சொல்லிவிடலாம். இன்றைக்கு அதைச் சொன்னால், துக்க வீட்டில் ஆறுதலுக்குச் சொல்லும் பொய்களில் ஒன்றாக அது போய்விடும். அண்ணி தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். நம்ப மாட்டாள்.

"வந்திருந்தாங்க," என்றாள் தங்கை. "என்கூட வாங்க."

பின்னறையில் மேசை குறுக்காகவே நின்றது. அவள் அதன் அடியில் மறுபடி புகுந்தாள். கம்பிகளின் கழுத்தில் அண்ணனின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொருகினாள். 'இணையம்' என்று எழுதிய கம்பியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டுத் தரையில் போட்டாள். இணைத்தால் அண்ணனின் விளையாட்டுப் பெட்டி, பழைய குரலை எடுத்துவிட்ட சோதனைப் பதிப்பை இறக்கிக்கொள்ளும்.

திரை ஒளிர்ந்தது. யார் விளையாடப் போவது என்று கேட்டது. இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று அண்ணனுடையது. அடுத்தது: கண்ணாடிக்காரி.

தங்கை இதை எதிர்பார்க்கவில்லை.

"இது என்ன?" என்றாள் அண்ணி.

"உங்களுக்குன்னு தொடங்கி வச்சிருக்கார்."

"நான் இதைத் தொட்டதே இல்லையே. ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவார். 'ஒரே ஒரு தடவை கோபுரம் வரைக்கும் வா, போதும்'னு. எனக்கு வேலை இருக்கும்."

அந்தப் பெயரில் ஒரே ஒரு இடம் சேமிக்கப்பட்டிருந்தது. ஐந்தாவது புத்தகம் வந்த ஆண்டு. திறந்தாள். ஏரியின் அடி. பாசி படிந்த பச்சை இருட்டு. முதுகு காட்டி ஒரு பெண் உருவம் கையில் விளக்கோடு நின்றது; அவளுக்கு எதிரே அந்தக் கதவு. இங்கே வருவதற்குத் தேர்ந்தவர்களுக்கே பல நாள் ஆகும். யாரோ மொத்த வழியையும் நடந்து, மீன்களைத் தாண்டி, படியேறி வந்து, கதவுக்கு ஓரடி முன்னால் அவளை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

தங்கை பொத்தான்கள் கொண்ட விளையாட்டுக் கைக்கருவியை எடுத்து அண்ணியின் கைகளில் வைத்தாள். ஈரம் காயாத கைகள். அண்ணி அதை விலையுயர்ந்த கண்ணாடிச் சட்டத்தைப் போல விளிம்பில் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பொத்தான். ஒரு தடவை."

அண்ணி அழுத்தினாள். விளக்கேந்தியவள் கதவைத் தட்டினாள்.

"இக்கதவு திறவாது," என்றான் அண்ணன். "வந்த வழியே செல்க."

கூடத்தில் பேச்சு நின்றது. ஒரு நாற்காலி இழுபட்டது. பெரியப்பா விழித்துக்கொண்டு, "யாரு? யாரது?" என்று கேட்பது கேட்டது. அண்ணியின் தோள்கள் ஒருமுறை உயர்ந்து அடங்கின.

"இப்ப என்ன பண்ணணும்?" காற்றாக வந்தது அவள் குரல்.

"ஒண்ணும் பண்ணாதீங்க, அண்ணி. எதையும் அழுத்தாம நில்லுங்க."

நின்றார்கள். திரையில் விளக்கின் சுடர் நீரோட்டத்துக்குச் சாய்ந்து நிமிர்ந்தது. விளக்கேந்தியவளின் தோள்கள் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கின. அறையில் இரண்டு பெண்களும், அறைக்கதவில் முட்டிக்கொண்டு பெரியப்பாவும் இன்னும் சிலரும். பிறகு, கதவுக்குப் பின்னால், தொலைவில், ஏதோ தரையில் விழுந்து உருண்டு உருண்டு அடங்கியது.

"குக்கர் மூடி," என்றாள் அண்ணி.

ஒரு பெண்ணின் குரல். சுவர்களைத் தாண்டி வந்ததால் சொற்கள் கரைந்துபோய், கோபமா அழைப்பா என்று தெரியாத வெறும் இழுப்பு.

"இதோ வரேன்," என்றான் அண்ணன்.

அண்ணி அசையவில்லை. அவள் பார்வை கதவின் மேலேயே இருந்தது. "என்ன சொல்றேன் நான்?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே புரிந்ததுபோல உதடுகள் அப்படியே நின்றன.

"'ஆறிப்போகுது, வாங்க.' இரைச்சலை நீக்கிட்டுக் கேட்டா தெரியும்."

கதவருகே நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். பெரியப்பா கடைசியாகப் போனார்.

"வரலை," என்றாள் அண்ணி.

"என்ன, அண்ணி?"

"இதோ வரேன்னாரே. அன்னைக்கு வரவே இல்லை. தட்டைப் போட்டு மூடி வச்சுட்டு நான் கடைக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தா அப்படியே இருந்துச்சு." மூக்கை உறிஞ்சினாள். "நல்லாத் திட்டினேன்."

தங்கை தரையில் கிடந்த கம்பியை எடுத்து அதன் காகிதத் துண்டை விரலால் நீவினாள். எதற்கும் பெயர் எழுதி ஒட்டுகிறவன். நூற்றுக்கணக்கான கோப்புகளில் ஒன்றில் மட்டும் 'தற்' என்று போட மறந்திருக்கிறான். இத்தனை ஆண்டுகளாக அதை அவனுடைய ஒரே கவனக்குறைவு என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கைப்பேசி அதிர்ந்தது. அங்கேயே நின்று எடுத்தாள்.

"நேரமாயிடுச்சும்மா," என்றார் தலை.

"பழசே இருக்கட்டும்."

"சரி. மேல என்ன காரணம் சொல்ல?"

"அதுல இன்னொருத்தர் குரலும் இருக்கு, தலை. அவங்களைக் கேக்காமதான் போட்டோம். இப்ப கேக்காம எடுக்கவும் முடியாது."

"இன்னொருத்தரா? யாரு?"

"எங்க அண்ணி."

"உள்ளிருப்…" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "உயிரோட இருக்காங்களா," என்றார், கேள்வியாக இல்லாமல். பிறகு, "நிறுத்தி வைக்கிறேன். பாத்துக்கோம்மா," என்று வைத்துவிட்டார்.

சன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்தார்கள். மேசையின் ஓரத்தில் அண்ணனின் வாசிப்புக் கண்ணாடி மடித்து வைத்தபடி இருந்தது. அண்ணிதான் அளவு பார்த்துக் கொடுத்தது. அண்ணி அதை எடுத்து, புடவைத் தலைப்பால் இரண்டு பக்கமும் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு கைக்கருவியை மடியில் வைத்துக்கொண்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதை விட்டு எப்படி வெளிய வரது?"

"இடது பக்கக் குமிழைப் பின்னால தள்ளினா திரும்பி நடப்பா."

அண்ணி கட்டை விரலைக் குமிழின் மேல் வைத்தாள். தள்ளவில்லை. விரலை எடுத்துவிட்டாள்.

கூடத்தில் தட்டுகளை வைக்கும் சத்தம். யாரோ எங்கிருந்தோ சாப்பாடு கொண்டுவந்திருந்தார்கள். பெரியப்பா அங்கிருந்தே கூப்பிட்டார். இந்தப் பக்கம் வரத் தயங்கும் குரல்.

"ஏம்மா, ரெண்டு பேரும் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. ஆறிப்போகுது பாருங்க. வாங்க."

"இதோ வரேன்," என்றாள் அண்ணி.

அவள் எழுந்திருக்கவில்லை. திரையில் விளக்கேந்தியவள் கதவைப் பார்த்தபடி நின்றாள். சுடர் ஒருபக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது.